தொப்புள் உயரத்தில் ஒரு மேசை

சக்கர நாற்காலி மேசைக்கு முன்னால் வந்து நின்றது.

மேசை, அதில் உட்கார்ந்திருந்த மச்சானின் நெஞ்சுக்கு மேலே இருந்தது. மேசையில் முடுக்கியிருந்த, சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் அவர் நெற்றிக்கு நேராக வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

மேசை செய்தவன் அவருடைய மச்சினன். அவன் கையில் ரசமட்டம். மேசையில் ஒரு குண்டூசி அளவு சரிவுகூட இல்லை என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். காட்டுவது பாதியில் நின்றது. ரசமட்டத்தை மெல்ல வைஸுக்கு அந்தப் பக்கம் வைத்தான்.

ஷெட்டுக்குள் கூடியிருந்தவர்கள் மேசையையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இந்த மேசைக்காக ஷெட்டைக் காலி செய்து, ஜீப்பைத் தெருவில் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருந்தான். மலையில் காப்பித் தோட்டத்துக்குத் தோட்டம் மரம் அறுக்கும் மெஷின் இருக்கிறது. ஒன்று மக்கர் செய்தால் பழுது பார்க்க பஸ்ஸில் தூக்கிப் போட்டுக் கீழே டவுனுக்குப் போக வேண்டும். இனி வேண்டாம், மச்சான் இங்கேயே உட்கார்ந்து பார்ப்பார் என்று டீக்கடையில் அறிவித்துவிட்டான்.

உட்கார்ந்து என்றுதான் சொன்னான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து காதுக்குப் போகவில்லை.

மேசை ஆடக் கூடாது என்பது அவன் கொள்கை. மெஷின் செயினுக்கு அரம் போடும்போது கொஞ்சம் அசைந்தாலும் பல் கோணிவிடும். ஆகவே நான்கு பலாக் கால்களையும் குழி தோண்டி இறக்கி சிமென்ட் போட்டான். பூகம்பம் வந்தால் மலை நகரும், மேசை நகராது என்று அதற்கும் ஒரு அறிவிப்பு.

சக்கரம் ஏற வாசலில் சாய்தளம்கூடப் போட்டிருந்தான். அவ்வளவு யோசித்த மூளை வாசலோடு நின்றுவிட்டது.

உயரத்துக்கு, நிமிர்ந்து நின்று தன் தொப்புளில் டேப்பை வைத்தான்.

முதுகு வலிக்காமல் வேலை பார்க்க அதுதான் சரி.

யார் முதுகு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

போன ஆடியில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கவாத்து பண்ணும்போது மச்சான் விழுந்தார். ஆஸ்பத்திரியைத் தவிர, வீட்டை விட்டு அவர் வெளியே வந்தது இன்றைக்குத்தான். நேற்று அக்கா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கெஞ்சிக் கூத்தாடி கூட்டியாறேன்டா. அங்க வந்து மனசு ஒடிஞ்சு போனாருன்னா, அப்புறம் சன்னலக்கூடத் தொறக்க விடமாட்டாரு."

இப்போது அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டீக்கடைக் காதர் பாய் டீத்தட்டோடு வந்தவர், நாற்காலிக்கு அடியில் செங்கல் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று தட்டைப் பார்த்தார்.

மச்சானின் மெஷின்தான் முதல் வேலை என்று ஏற்பாடு. சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு மேசை மேல் படுக்க வைத்திருந்தான். நாற்காலியிலிருந்து பார்த்தால் மாலை மட்டும் தெரியும்.

மச்சான் கைகளைத் தூக்கி மேசை மேல் வைத்தார். விரல்கள் தடவிக்கொண்டு போயின. மிட்டாய்க் கடையில் எட்டாத பிள்ளையின் கை போல. செயினைத் தொட்டன. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன.

பிறகு இறங்கி வந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்தன.

வீட்டுக்குத் திரும்பப் போகிறார்.

அவனுக்கு எப்போதும் ஒரு ஜோக் வரும். மச்சான் விழுந்ததிலிருந்து தினமும் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஒரு ஜோக் சொல்லி, அவர் சிரித்ததும் கிளம்பிவிடுவான். உட்கார்ந்தால் சிரிக்க வைக்க முடியாதோ என்று பயம்.

இன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

நாற்காலிக்குப் பக்கத்தில் காலி ஆயில் டின் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்தான்.

அங்கிருந்து மேசை வேறு மாதிரி இருந்தது.

மேல் பக்கம் கண்ணாடி மாதிரி இழைத்து வார்னிஷ் அடித்தது. அடியில் பட்டைகூட உரிக்கவில்லை. ஆணி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. தப்பும் தவறுமாகப் பென்சில் கணக்கு. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டது.

மச்சானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திரும்பி அவனைப் பார்த்தார். இருவர் கண்களும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"இப்பத்தான் உக்காந்துருக்க, மாப்ள."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மச்சானின் ஒரு கை சக்கரத்தை விட்டது. அவன் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த அரத்தை உருவியது. முழங்கையை மடக்கி, பலாக் காலோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். அந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, அரத்தின் முனையால் ஒரு கோடு இழுத்தார். பட்டைக்குள்ளிருந்து மஞ்சள் தெரிந்தது.

அக்கா நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

இனி அங்கே அறுத்துக் குறைக்க, மற்ற மூன்று கால்களிலும் அதே மட்டத்தில் கோடு போட வேண்டும். ரசமட்டம் மேசை மேல் இருந்தது. அவன் உட்கார்ந்த வாக்கில் கையை நீட்டினான். விளிம்பு எட்டியது. வைஸ் எட்டியது. அந்தப் பக்கம் எட்டவில்லை.

எழுந்தால் எடுத்துவிடலாம்.

எழவில்லை.

சுற்றி நின்றவர்களை அண்ணாந்து பார்த்தான். எல்லோரும் எவ்வளவு உயரம். யாரிடமாவது எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். நாலு வார்த்தை. ஊரையே சிரிக்க வைத்த வாய்க்கு அது வரவில்லை.

மச்சான் அவசரப்படுத்தவில்லை. அரத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.