கூத்தாடும் எழுத்து

மாப்பிள்ளை வீட்டார் திருப்பியனுப்பிய மொட்டைக் கடுதாசியோடு அண்ணன் வாசலுக்குப் பாய்ந்தான். தங்கை குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கண்ணா போறே?"

"சித்தப்பா வீட்டுக்கு. 'பொண்ணு குணம் சரியில்ல'ன்னு எழுதி உன் கல்யாணத்தையே நிறுத்திட்டாரே. இப்படிக் குதிச்சுக் கூத்தாடற கையெழுத்து வேற யாருக்கு இருக்கு? இன்னிக்கு அந்தக் கையை முறிக்காம வரமாட்டேன்."

பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கு எழுத்து வரைந்து கொடுப்பவள் தங்கை. கடுதாசியை வாங்கவே இல்லை.

"அது கையெழுத்தே இல்லண்ணா. ஏழு 'ண' இருக்கு, ஏழும் அச்சு அசல் ஒண்ணு. கையால வரைஞ்சு கம்ப்யூட்டர்ல ஏத்தின ஃபான்ட்."

"எவன் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு மட்டும் சொல்லு."

அவள் தலை குனிந்தாள்.

"போன வாரம்தான் வரைஞ்சு முடிச்சேன். இன்னும் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அந்த மாப்பிள்ளை வேண்டாம்னு வாயால நாலு தடவை சொன்னேன், நீதான் காதுல போட்டுக்கல."