கொழும்பு ஆக்கள்

"சாரத்தோட நிக்காதேங்கோ அப்பா. வாறது கொழும்பு ஆக்கள். எனக்கு வெட்கமாயிருக்கும்."

பெண் பார்க்க வருகிற நாளில் மகள் துஷாந்தி இப்படிச் சொன்னதும், கதிரவேல் அவள் வாங்கி வைத்திருந்த லோங்ஸைப் போட்டு, சேர்ட்டை உள்ளே விட்டு, பெல்ட்டை இறுக்கினார். சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் நாற்பது வருசமாகச் சாரம் கட்டிய இடுப்பு அது. கதிரையில் சாயவும் ஏலாமல் விறைப்பாக இருந்தார்.

காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் தகப்பன் சாரம் கட்டியிருந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற துஷாந்தி அதையே பார்த்தாள்.

வந்தவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி கதிரவேலின் காதருகே குனிந்தார்.

"அண்ணை, இதை எப்பிடி அவிழாமல் கட்டுறது? எனக்கு இண்டைக்குத்தான் முதல் தரம். இந்தப் பக்கம் வீட்டில சாரத்தோடதான் இருப்பினம் எண்டு மகன் சொன்னவன். நான் லோங்ஸோட வந்து நிண்டால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமெல்லோ."

கதிரவேல் மகளின் பக்கம் திரும்பவில்லை.

"அறைக்குள்ள வாங்கோ, கட்டிக் காட்டுறன். அப்பிடியே இந்தப் பெல்ட்டையும் ஒருக்காக் கழட்டிவிடுங்கோ."

துஷாந்தி தேநீர்த் தட்டோடு தலைகுனிந்து நின்றாள்.

"பிள்ளைக்கு நல்ல வெட்கம்," என்றார் மாப்பிள்ளையின் தாய், சந்தோசமாக.