பதிமூணு டிகிரி

"பாட்டில் வைக்கிற மாதிரி ஒரு ஃபிரிட்ஜ் காட்டுப்பா."

கடைக்குள் நுழைந்ததும் அந்த அம்மாள் கேட்டது இதுதான். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் நான்காக மடித்த காகிதம். விற்பனையாளர் சுறுசுறுப்பாக ஒரு குடும்ப ஃபிரிட்ஜைத் திறந்து, கதவில் ஆறு தண்ணீர் பாட்டில் நிற்கும் இடத்தைக் காட்டினார்.

"நிக்க வைக்கிறதில்லப்பா, படுக்க வைக்கிறது. ஒயினுக்கு."

"ஒயினுக்கா?"

"ஆமா. ஏன், உங்க கடையில இல்லையா?"

"இருக்கும்மா, இருக்கு!"

கடைக்கோடிக்கு அழைத்துப் போனார். ஒன்பது வருஷ சர்வீஸில் இதைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டிருக்கிறார்கள். இந்த அம்மாள் தக்காளி விலை விசாரிப்பது போலக் கேட்கிறாள்.

"உங்க சரக்கு எவ்வளவு இருக்கும்மா?" வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு பாட்டில். இன்னும் சேரும்."

சரிதான், பெரிய கை!

அம்மாள் காகிதத்தைப் பிரித்தாள். "பதிமூணு டிகிரி, மாறாம நிக்குமா?"

"நிக்கும்."

"மோட்டார் ஓடுறப்ப தட்டு அதிருமா? அதிர்ந்தா அடியில படிஞ்ச வண்டல் கலங்கிடுமாம்."

விற்பனையாளர் நிமிர்ந்து நின்றார். இவ்வளவு விவரமாக இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ரெண்டு வகை இருக்கும்மா. இதுல கம்ப்ரஸர் கிடையாது. சத்தமும் இல்ல, அதிர்வும் இல்ல. ஆனா அறை சூடா இருந்தா திணறும். அதோ அது கம்ப்ரஸர் வெச்சது. லேசா உறுமும், ஆனா வெளிய எவ்வளவு சூடு இருந்தாலும் சமாளிச்சிடும். தட்டெல்லாம் மரம், பெருசா அதிராது."

"எங்க ஹால்ல சாயங்கால வெயில் வந்து அடிக்குமே."

"அப்ப கம்ப்ரஸர்தான். வெயில் நேரா படாத மூலையா பார்த்து வைங்க. இன்னொண்ணும்மா, இதை அலமாரிக்குள்ள மறைச்சு வைக்க முடியாது. பின்னாடி காத்து போக இடம் விடணும். நிறைய பேர் அங்கதான் தப்பு பண்றாங்க."

"மறைக்கிறதாவது! டிவிக்குப் பக்கத்துல வைக்கப் போறேன். வர்றவங்க போறவங்க எல்லார் கண்ணுலயும் படணும்."

யாருக்காக இருக்கும்? கணவருக்கா, மகனுக்கா? விற்பனையாளருக்கு மண்டை குடைந்தது. நாசூக்காகக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவர் தொண்டையைச் செருமுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா! நீங்களா?"

மிக்ஸி வரிசையிலிருந்து ஒரு பெண் விறுவிறுவென்று வந்தாள். அம்மாள் குடியிருக்கும் அதே அடுக்குமாடியில், எதிர்வீடு.

"என்னக்கா வாங்கறீங்க?"

"ஒயின் ஃபிரிட்ஜ்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"விளையாடாதீங்கக்கா! போன மாசம் மொட்டை மாடியில ஒரு பீர் பாட்டில் கிடந்ததுக்கு, குடியிருக்கிறவங்க மீட்டிங்ல அந்தக் கத்து கத்தினது நீங்கதானே? 'பாட்டில் இருக்கிற வீடெல்லாம் குடும்பம் இருக்கிற வீடா'ன்னு கேட்டீங்களே!"

"கேட்டேன்தான்."

"அப்ப இது?"

"இது என்னோடது. தினம் ஒரு வாய்."

எதிர்வீட்டுப் பெண் மிக்ஸியை மறந்தே போனாள். கடை வாசலைத் தாண்டுவதற்குள் போன் அவள் காதுக்குப் போயிருந்தது.

விற்பனையாளருக்கும் முகம் சுண்டிவிட்டது. மீட்டிங்கில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பழக்கம்! பார்த்தால் எவ்வளவு மரியாதையாக இருக்கிறாள் இந்த அம்மாள். மனிதர்களை நம்பவே கூடாது என்று நினைத்துக்கொண்டு, பில் புத்தகத்தை எடுத்தார்.

"யார் பேருக்குப் போடணும்?"

"என் பேருக்கே போடு. வந்ததும் பாட்டிலை உள்ள வெச்சிடலாமா?"

"அஞ்சாறு மணி நேரம் காலியா ஓடட்டும், உள்ள சூடு இறங்கினப்புறம் வைங்க. அதுவரைக்கும் பாட்டில் குளுமையான இடத்துல இருக்கட்டும். இப்ப எங்க இருக்கு?"

"மருமக கட்டிலுக்கு அடியில. பெட்டிக்குள்ள, ஸ்வெட்டர்ல சுத்தி."

பேனா நின்றது.

"அப்ப... இது உங்களோடது இல்லையாம்மா?"

"காபிக்கு மேல நான் எதையும் தொட்டதில்லப்பா. மருமக பெரிய ஹோட்டல்ல இருக்கா. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின்னு எடுத்துச் சொல்ற வேலை. ரெண்டு மாசத்துல பரீட்சை. அதுல தேறினாத்தான் அடுத்த படி ஏற முடியும். தினம் ஒரு வாய் ருசி பார்த்துட்டுத் துப்பிடணும், அதான் படிப்பே. முந்தாநாள் ஏதோ தேடப் போனப்ப பெட்டியைப் பார்த்தேன். எனக்குப் பயந்து ஒளிச்சு வெச்சிருக்கா. அந்த ரூம் கொதிக்கும்ப்பா. கெட்டுப்போன ருசியை நல்ல ருசின்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போனா, பரீட்சை என்னாகறது? அவ நோட்டைப் பார்த்துத்தான் இதெல்லாம் எழுதிக்கிட்டு வந்தேன்."

விற்பனையாளருக்கு என்னவோ போலாகிவிட்டது.

"இதையே அந்த எதிர்வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே? இப்ப உங்க பேருல்ல கெட்டுப்போகும்!"

"சொன்னா யாரு நம்புவா? மருமக குடிக்கிறா, மாமியார் மூடி மறைக்கிறான்னு பேசுவாங்க."

அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பில்லில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"அன்னிக்கு மீட்டிங்ல நான் கத்தினப்ப மருமக என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. வாயை விட்டது நான்தானேப்பா? பேச்சும் நானே வாங்கிக்கிறேன்."