டெலிவரி நாள்

கமாண்டை ஒருமுறை தட்டினால் போதும், புது சர்வர் ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய கோப்புகள் எல்லாம் தாமாகவே வந்து விழும். அந்தக் கருவியை எழுதியவன் தேவா. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பிரவுசரில் கேட்டால், தான் பேசும் மெட்ராஸ் பாஷையில் "கீறேன்" என்று பதில் வரும்படி வைத்திருந்தான். "க்ளையன்ட் பாத்தா சிரிப்பான்பா" என்று மேனேஜர் பக்தவத்சலம் அதை "ஓகே" என்று மாற்றவைத்தார். ஆறு பேர் வேலையைக் கருவி தனியாகச் செய்தது. அதனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவனும் தேவாதான்.

கொஞ்ச நாளில் கரையான்சாவடி வீட்டில் அவனுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். அவன் மனைவி போன் செய்தபோது, பக்கத்து சீட்டில் வேலை பார்த்த காவ்யா, "டெலிவரி முடிஞ்சதும் வந்துடறேன்க்கா" என்றாள். போகவில்லை. அம்பத்தூர் ஆபீஸிலிருந்து யாருமே போகவில்லை.

இன்று காவ்யா புது ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்கி, சர்வரை ஓடவிட்டுக் கேட்டாள். "கீறேன்" என்று வந்தது. எல்லாக் கோப்புகளிலும் தேடினாள். அந்தச் சொல் எதிலும் இல்லை. சர்வரை நிறுத்தினாள். நெட் ஒயரையும் பிடுங்கிவிட்டு மறுபடி கேட்டாள்.

"கீறேன். டெலிவரி முட்ஞ்சிதா?"