வெள்ளை அறையில் ஒரு சிவப்புப் பொட்டு

காலி வீட்டின் கூடம் அப்படியொரு வெள்ளை, வெயில்கூட உள்ளே வரக் கூசி வாசலிலேயே நிற்கிறது. துணி போர்த்திய நாற்காலிகள் ஆவிகளின் சங்கக் கூட்டம்போல உட்கார்ந்து பெயின்டரையே பார்க்கின்றன. அவருடைய புதுப் பனியனில், இடது மார்பில், மிளகளவு சிவப்பு. துடைக்கிறார். மறுபடி ஊறுகிறது. "பெயின்ட்டுதான் மாப்ள. நேத்தும் இதே இடத்துலதான் பட்டுச்சு." தங்கை புருஷன் ஏணியிலிருந்து இறங்கி வருகிறான். "இந்த வீட்டுல வெள்ளையத் தவிர ஒரு சொட்டு கெடையாதே மச்சான். பனியனக் கழட்டுங்க." கழற்றுகிறார். இடது மார்க்காம்பில், யாரும் தொடாமலே, ஒரு சிவப்புச் சொட்டு மெல்லத் திரள்கிறது. ஏழு தெருவுக்குக் கேட்கும் அவர் குரல் இப்போது கொசுவுக்கும் கேட்காது. "இது பொம்பளைங்க சமாச்சாரம்டா. சிரிப்பாங்க." "சிரிக்கட்டும். நர்ஸ் வேல பாக்குற உங்க தங்கச்சி தலைபாடா அடிச்சுக்குவா, ஆம்பளைக்கு மார்ல எது கசிஞ்சாலும், பொம்பளைக்கு ஒரே பக்கம் தானா ரத்தமோ தண்ணியோ கசிஞ்சாலும், தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டணும்னு. என்னன்னு அவங்க சொல்லட்டும். பிதுக்காதீங்க, கெளம்புங்க." கெளம்புங்க, கெளம்புங்க என்று காலி அறைகள் ஒவ்வொன்றாகச் சொல்கின்றன. பாதிச் சுவரில் கையை எடுத்தால், காய்ந்த பிறகு ஒட்டுப் போட்டதுபோலக் கோடு தெரியும். ஆயுசில் அவர் அப்படி எடுத்ததில்லை. ஈரத்தின் விளிம்பு காயத் தொடங்குகிறது. பெயின்ட் உருளையை வாளியில் போட்டுவிட்டு, அவர் சட்டையை மாட்டுகிறார்.