எலாஸ்டிக் அளவு

கடைக்காரர் பலகைகளை இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கிளாம்பின் திருகை எண்ணெய்த் துணியால் துடைத்துக் காசிமாயனிடம் கொடுத்தார்.

அவன் அதை வாங்கிய விதம் அமராவதிக்குப் பிடிக்கவில்லை. பச்சைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினான்.

திருகைச் சுற்றினான். தன் சுண்டுவிரலை நடுவில் வைத்து, வலிக்கிற வரைக்கும் இறுக்கிப் பார்த்துச் சிரித்தான்.

அவள் சுண்டுவிரலை அவன் பிடித்தது மணவறையைச் சுற்றி வந்த அன்றைக்கு.

"இது இருந்தாப் போதுமுங்க. அந்தப்பக்கம் புடிக்கறதுக்குன்னு இன்னொரு ஆளே வேண்டாமுங்க" என்றார் கடைக்காரர்.

அந்த இன்னொரு ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்புதான் அவன் பட்டறை. வெளிநாட்டு நிட்டிங் மெஷின் வந்து இறங்கிய பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூல், அலமாரி என்று எதையாவது செய்வான். பலகையோடு பலகை சேர்க்கப் பசை தடவியதும், அவன் ஒருபக்கம் அவள் மறுபக்கம் உட்கார்ந்து உள்ளங்கையால் நெட்டிப் பிடிப்பார்கள். பசை இறுகும் வரை கையை எடுக்க முடியாது.

வாரமெல்லாம் வாய் திறக்காத மனுஷன் அப்போதுதான் பேசுவான். மேனேஜர் புது செல்போனில் இந்தி பேசுகிற அழகை நடித்துக் காட்டுவான். கை இரண்டும் மாட்டிக்கொண்டிருப்பதால் நடிப்பெல்லாம் கண்ணிலும் புருவத்திலும்தான். அவள் சிரித்தால் பலகை நழுவும். சிரிக்காதே என்று அவனே அதட்டுவான்.

போன வாரம் கை கடுக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தாள். அதற்குத்தான் இது.

இனி இந்த இரும்பு அவள் இடத்தில் உட்காரும். சிரிக்காது, நழுவ விடாது, கை கடுக்கிறது என்று சொல்லாது. எண்ணெய் மினுக்கோடு இருந்த அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

கடைக்காரர் சின்னது ஒன்று, பெரியது ஒன்று எடுத்துப் போட்டு, பலகை என்ன அகலம் என்றார்.

காசிமாயன் சட்டைப் பையிலிருந்து ஒரு எலாஸ்டிக் துண்டை எடுத்தான். அதில் பேனாக் கோடு இருந்தது. பலகையில் வைத்து இழுத்துப் பிடித்து அளந்ததாம். எலாஸ்டிக்கில் அளவெடுக்கிற ஆளைத் திருப்பூரில்தான் பார்க்க முடியும் என்று கடைக்காரர் சிரித்தார்.

ஒரு முனையைச் சின்னக் கிளாம்பின் கோடியில் வைத்துக்கொண்டு, கோடு போட்ட முனையை அவளிடம் நீட்டினான்.

அமராவதி அதை இழுக்கவில்லை.

கோடு கிளாம்புக்குள்ளேயே நின்றது. சின்னதே போதும் போலிருக்கிறது என்றாள், யாரையும் பார்க்காமல்.

காசிமாயன் தொய்ந்து கிடந்த எலாஸ்டிக்கைப் பார்த்தான். அவள் விரல்களைப் பார்த்தான். சின்னதையே கட்டித் தரச் சொன்னான்.

பல்லடம் பஸ்ஸில் கிளாம்ப் அவள் மடியில் கனத்தது. நாளைக்கு அது பலகைக்கு எட்டாமல் போகும்போது அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தபடியே வந்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் எதிர் ஆணியில், அவன் எப்போதும் பலகை அளக்கிற இஞ்ச் டேப் தொங்கியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனுக்குக் கம்பெனியில் ஜட்டிக்கு எலாஸ்டிக் வைக்கிற வேலை. எவ்வளவு இழுத்தால் எவ்வளவு வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

"நாளைக்குக் கை கடுக்குதுன்னு சொல்லப்படாது, ஆமா" என்றான் அவன், குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே.