பின் சீட்டு இல்லாத ஜீப்

புது ஸ்பிரிங் போட்டு ஜீப்பின் பின்பக்கத்தை உயரமாகத் தூக்கியிருந்தார் மாப்பிள்ளை செம்பியன். பின் சீட்டைக் கழற்றிவிட்டார். வால்பாறைக்கு அவரும் மனைவியும் மட்டும்தான். மாமியார் கமலவேணிக்கும் மலை பார்க்கக் கொள்ளை ஆசை. யாரும் கூப்பிடவில்லை.

கிளம்பும்போது பின் ஆக்ஸிலில் கடக் கடக்கென்று சத்தம். மெக்கானிக்குக்கும் பிடிபடவில்லை.

“நான் பின்னால உக்காந்து கேட்டுச் சொல்றனுங்க மாப்ள” என்று பாயும் பையுமாக ஏறினாள் கமலவேணி. தெருமுனை வரை சத்தமே இல்லை. இறங்கினாள், கடக் கடக். ஏறினாள், நின்றது.

“பின்னாடி பாரம் பத்தலைங்க அத்தை. ரெண்டு அரிசி மூட்டை போட்டாச் சரியாயிரும்.”

“மூட்டை கொண்டை ஊசி வளைவுல பாட்டுப் பாடுமுங்களா?”

கமலவேணியின் மகள் சிரித்துவிட்டாள். செம்பியன் வீட்டுக்குள் போய் ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தார். கமலவேணியின் பைக்குள்ளிருந்து புளிச்சோற்று வாசம் கமகமவென்று வந்துகொண்டிருந்தது.